டொரதியின் இரண்டு சொற்கள்

டொரதியின் வாய்க்கு அம்பிட்டியவில் ஒரு பேர் இருந்தது. மீன்காரன் ரோட்டிலிருந்து அவள் வீட்டுப் படியில் இறங்கும்போதே விலையைக் குறைத்து வைத்துக்கொள்வான். கூட்டிச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள அவனுக்குத் தெம்பில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே நின்றால் அவளைச் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கண்டி டவுனில் சில கடைகளுக்குப் பல வருஷமாகப் பகல் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தவள். குசினியில் நின்றபடியே முன்னறையில் பேப்பர் வாசிக்கும் புருஷன் அந்தோனியோடு பேசுவாள், மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும் கைரியாவோடு பேசுவாள், யாரும் கிடைக்காவிட்டால் அடுப்பில் கிடக்கிற கறியோடு பேசுவாள். "சும்மா கொதியேன், எதுக்கு இந்தத் துள்ளு துள்ளுற" என்று அவள் கறியை அதட்டுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

அந்த வாயில் இப்போது மிச்சம் இருந்தது இரண்டே சொல். ஒன்று 'சாவி'. மற்றது 'ஆமா'.

தவக்காலம் தொடங்கிய கிழமை அது. தேங்காய் திருவிக்கொண்டிருந்தவளுக்குக் கை நழுவியது. பிறகு குசினித் தரை கன்னத்தில் குளிராகப் பட்டது மட்டும்தான் ஞாபகம். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது தாகமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மகள் தினுஷாவிடம், 'கொஞ்சம் தண்ணி தா' என்றாள். அதாவது, அப்படிச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். காதில் விழுந்தது "சாவி."

"என்னா சாவிம்மா? அலுமாரிச் சாவியா?"

'தண்ணி, தண்ணி' என்றாள் டொரதி. "சாவி, சாவி" என்றது வாய்.

பாரிசவாதம் என்றார் டாக்டர். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கிறது. "அம்மாவுக்கு எல்லாம் விளங்குது. சொல்ல நினைக்கிறதும் மனசுக்குள்ள சரியாத்தான் இருக்கும். வாய்க்கு வர்ற வழியில மாறிப் போகுது. பயிற்சி கொடுத்தா மெல்ல மெல்ல வரலாம், சில பேருக்கு வராமலும் போகும்." கட்டிலில் கிடந்த டொரதி இதையெல்லாம் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஏன் சாவி? சாவியோடு அவளுக்கு என்ன உறவு? அது அவளுக்கே விளங்கவில்லை. உள்ளே சொற்களெல்லாம் கழுவி அடுக்கிய கோப்பை மாதிரி வரிசையாக இருந்தன. எடுக்கப் போனால் மட்டும் கையில் வருவது இந்த ஒரே கோப்பை.

வீட்டுக்கு வந்து சில நாளில் 'ஆமா' வந்தது. அந்தோனி "டீ குடிக்கிறியா?" என்று கேட்க, தலையும் ஆட்டி "ஆமா" என்றாள். வீடே கொண்டாடியது. தினுஷா கத்தாரில் இருக்கும் தம்பி றொமேஷுக்குப் போன் போட்டு, "அம்மா ஆமான்னு சொல்லிட்டாங்கடா" என்று அழுதாள். டொரதிக்கு அப்போது டீ வேண்டியிருக்கவில்லை. ஆனால் அத்தனை பேருடைய சந்தோஷத்தையும் பார்த்து அந்த டீயைக் குடித்து முடித்தாள்.

தினுஷா கம்பளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மூன்று வயதுப் பிள்ளை வேறு. லீவு முடிந்து போவதற்கு முதல் நாள் ஒரு பெரிய பெட்டியோடு வந்தாள். உள்ளே கரண்ட் பிரஷர் குக்கர். கறுப்பும் வெள்ளியுமாக, நெஞ்சில் பட்டன் வைத்த குட்டை மனுஷன் மாதிரி அது குசினி மேசையில் உட்கார்ந்துகொண்டது.

"அப்பா, இங்க பாருங்க. கேஸ் அடுப்புப் பக்கமே போகாதீங்க. அடுப்ப அணைக்க மறந்துருவீங்க. இதுன்னா பயமில்ல. இந்த உள்சட்டியில அரிசியப் போட்டு, இந்தக் கோடு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. சட்டிய உள்ள வச்சு, மூடிய இப்படித் திருப்பி, இந்த பட்டன அமத்தினாச் சரி. அம்மாவுக்கு நல்லாக் குழைஞ்சுதான் இருக்கணும், இல்லாட்டி தொண்டையில சிக்கிரும்."

"வெந்துருச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவே கத்தும்ப்பா."

"நல்லது. வீட்டுல கத்துறதுக்கு ஒரு ஆள் வேணும்தானே" என்று சிரித்தார் அந்தோனி. சொன்ன பிறகுதான் கதவடியில் கதிரையில் இருந்த டொரதியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. டொரதிக்கும் சிரிப்புத்தான் வந்தது. நல்ல பகிடி அது. ஆனால் இப்போதெல்லாம் அவள் சிரித்தால் முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும். அதைப் பார்ப்பவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தோனி டவுனில் ஓர் இரும்புக் கடையில் கணக்கில்லாத காலம் ஆணியும் திருகாணியும் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். பார்சல் பையைத் தூக்கிக்கொண்டு போவதற்குத் தவிர குசினிக்குள் வந்தவர் அல்ல. இப்போது காலையில் எழும்பி, டொரதியைத் தூக்கி உட்கார வைத்து, முகம் கழுவிவிட்டு, தலை வாரி, குசினிக் கதவடிக் கதிரையில் இருத்திவிட்டுச் சமைக்கத் தொடங்குவார். "நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கு" என்பார்.

அவளுக்கோ அது சித்திரவதை. அரிசியை ஒரே தண்ணியில் அலசிவிட்டு வடிப்பார். பருப்புக்கு மஞ்சளை மறந்துபோவார். கட்டித் தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றி மூடிவிடுவார். திறந்தால் பால் திரைந்து, கறி முறிந்து கிடக்கும். 'ஐயோ மனுஷா, முதப்பால் கடைசியில! மூடி திறந்த பிறகு!' என்று அவள் உள்ளே கத்துவாள்.

"சாவி! சாவி!"

முதலில் அவர் உண்மையாகவே சாவியைக் கொண்டுவந்தார். வீட்டுச் சாவி, அலுமாரிச் சாவி, எதற்கென்றே மறந்துபோன துருப்பிடித்த சாவி என்று எல்லாவற்றையும் அவள் இடது கையில் வைத்துப் பார்த்தார். அவள் கொத்தோடு தூக்கி எறிந்தாள். அது போய்த் தண்ணிக் குடத்தில் பட்டு விழுந்தது. பிறகு அவர் சாவியைத் தேடுவதை விட்டுவிட்டார். "உன் சாவிக்கு நான் எங்கடி போவேன்?" என்று கெஞ்சுவார்.

ஒருநாள் மட்டும் சரியாக வந்தது. பருப்பைக் கழுவிப் போட்டு மூடியை எடுத்தவரைப் பார்த்து அவள் "சாவி" என்றாள். அந்தோனி மூடியைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் இருந்த ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். உப்புப் போத்தல். "சாவி." கொச்சிக்காய்த் தூள். "சாவி." பூண்டு. "சாவி." காலையில் கைரியா மதிலுக்கு மேலாக எட்டிக் கொடுத்த ரம்பை இலையைத் தூக்கினார். டொரதி வாயை மூடிக்கொண்டாள்.

"ரம்பையா? ரம்பையத்தான் கேட்டியா?"

அவள் கண்ணால் சிரித்தாள். அவர் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தார். கொஞ்ச நேரத்தில் குக்கர் மூச்சு விட்டபோது வந்த வாசத்தில் வீடு பழைய வீடாக இருந்தது. அன்றைக்கு அந்தோனி அவளுக்கு ஊட்டிவிட்டு, அதே பீங்கானில் தானும் சாப்பிட்டார். "இப்படியே பழகிருவோம் டொரதி. நீ கத்து, நான் தேடுறேன்" என்றார்.

அப்படியே போயிருக்கலாம்.

இரவில் அவளை நாலு தரம் எழுப்பிக் கக்கூசுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் அந்தோனிக்கு நித்திரை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கண் உள்ளே போய்விட்டது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தார். அன்று காலையும் அப்படித்தான். குக்கரின் உள்சட்டியைக் கழுவி, காயட்டும் என்று ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்தார். அரிசியை வேறொரு பாத்திரத்தில் கழுவிக்கொண்டு இருக்கும்போது றொமேஷின் போன் வந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, "ம், சொல்லு தம்பி, அம்மா நல்லா இருக்கா" என்றபடி குக்கரைத் திறந்து அரிசியைக் கொட்டினார்.

உள்ளே சட்டி இல்லை.

டொரதி ஜன்னலைப் பார்த்தாள். சட்டி அங்கே வெயிலில் இருந்தது. 'சட்டி இல்ல! அது கரண்ட்! கொட்டாதீங்க!'

"சாவி! சாவி! சாவி!"

"பொறு பொறு, தம்பி பேசுறான்." அவர் செம்பில் தண்ணி மொண்டு ஊற்றினார். தண்ணி குக்கரின் வயிற்றுக்குள் இறங்கி, அடியால் கசிந்து மேசையில் பரவத் தொடங்கியது. அவர் அதைக் காணவில்லை. டொரதி இடது கையால் கதிரைக் கையை அடித்தாள். அவர் போனில் பேசியபடியே உப்பைத் தூக்கிக் காட்டினார், ரம்பையைக் காட்டினார். அவள் விரலை நீட்டி ஜன்னலைக் காட்டினாள். நன்றாக, நேராக, சட்டியையே காட்டினாள்.

"புழுக்கமா இருக்கா?" அந்தோனி போய் ஜன்னலின் மற்றக் கதவையும் திறந்துவிட்டார். அவர் கை அந்தச் சட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் போய்விட்டுத் திரும்பியது.

"சாவி! சாவி!" அவள் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தாள். விழுந்த கால் வரவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, கதவு நிலையில் தலை இடித்தது.

அந்தோனி போனைக் கட் பண்ணிவிட்டு ஓடி வந்து அவளை நிமிர்த்தினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளை ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷன்.

"வாய மூடு டொரதி! எந்நேரமும் சாவி, சாவி! என் உசிர எடுக்காத!"

திரும்பிப் போனார். ஈரக் கையால் குக்கரின் உடம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார்.

நீலமாக ஒரு வெட்டு. 'டப்' என்று ஒரு சத்தம். பிரிட்ஜின் முனகல் நின்றது. அந்தோனி பின்னால் போய் அலுமாரியில் அடிபட்டுத் தரையில் விழுந்தார். கருகின நாற்றம் எழும்பியது. மேசையிலிருந்து தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அசையவில்லை. அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரு பாய் போடுகிற தூரம். 'என்னங்க, எழும்புங்க. கைரியா! கைரியா, ஓடி வா!' என்று அவள் கூப்பிட்டாள். வாயிலிருந்து இந்த முறை சாவி கூட வரவில்லை. சொல்லே இல்லாத ஒரு சத்தம் வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கைரியா வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிச் சத்தம் இந்த வீட்டிலிருந்து வருவது அவர்களுக்குப் பழகிப் போயிருக்கும்.

பிறகு அந்தோனி இருமினார். மெல்ல எழும்பி உட்கார்ந்தார். கரண்டை வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்ச் தானாக விழுந்ததால் பிழைத்தார். உள்ளங்கையில் மட்டும் வெந்து வெளுத்த ஒரு காயம். மேசையைப் பார்த்தார், அடியால் ஒழுகும் குக்கரைப் பார்த்தார், கடைசியில் ஜன்னலைப் பார்த்தார். தவழ்ந்து வந்து அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"இதத்தான் சொன்னியா? இதத்தான் அவ்வளவு நேரமும் சொன்னியா நீ?"

'பரவாயில்ல, ஒன்னுமில்ல, உங்களுக்கு ஒன்னும் ஆகலதானே, அது போதும்' என்று அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"சாவி" என்றது வாய்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்தோனி குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் இடது கையால் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டவுனில் பழுது பார்க்கும் நபீல் குக்கரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்ட் எரிஞ்சிட்டு அங்கிள், இனி ஒன்டும் செய்ய ஏலா" என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். அந்தக் கிழமை முழுக்கக் கைரியா வீட்டுச் சோறுதான். அந்தோனி குசினிக்குள் போகவே பயந்தார். டொரதியும் வாயைத் திறக்கவில்லை. தன் கத்தலால்தான் அவர் பதறிப்போய் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டார் என்று அவளுக்குள் ஒரு முள் ஏறியிருந்தது.

சனிக்கிழமை தினுஷா வந்தாள். அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அசையாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, எங்களோட கம்பளைக்கு வந்துருங்க. பகல்ல மாமி இருக்காங்க பாத்துக்க. அப்பாவால தனியா ஏலாது. நீங்களே பாத்தீங்கதானே. வாறீங்களாம்மா?"

மகள் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மருமகனின் தாய். டொரதி போனால் மகளோடும் பேத்தியோடும் ஒரு கட்டிலில் ஒட்டிக்கொள்ளலாம். அந்தோனிக்கு அங்கே இடம் கிடையாது, கேட்டாலும் அவர் வரமாட்டார். இதெல்லாம் டொரதிக்குத் தெரியும். அவளிடம் பதிலும் இருந்தது. 'வேணாம்.' சின்னச் சொல். அவள் அவசரப்படவில்லை. கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிற மிஸ் சொல்லித் தந்தபடி மூச்சை இழுத்தாள். மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்தாள். 'வே' என்று தொடங்க வேண்டும்.

"ஆமா."

தலையும் சேர்ந்து ஆடியது.

தினுஷா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கதவடியில் நின்ற அந்தோனி, "நெசமாவா டொரதி?" என்று கேட்டார்.

'இல்ல! இல்ல!'

"ஆமா."

"அப்பச் சரி. அவளே சொல்லிட்டா" என்றார் அந்தோனி. உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அவளுடைய கவுன்களை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். மடிப்பு ஒன்றும் நேராக வரவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவர் நம்பிவிட்டாரே என்ற கோபம் ஒரு பக்கம். நம்பாமல் அந்த மனுஷன் வேறென்ன செய்வார் என்பது இன்னொரு பக்கம்.

மறுநாள் பூசைக்குப் பிறகு மருமகன் வேன் கொண்டுவந்தான். வீடு ரோட்டுக்குக் கீழே என்பதால் அவளைக் கதிரையோடு தூக்கிப் படியேற்ற வேண்டியிருந்தது. முன்னால் மருமகன், பின்னால் அந்தோனி. மேலே வருவதற்குள் அந்தோனிக்கு மூச்சு வாங்கியது. வேன் கதவடியில் இறக்கி, அவளை இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கும்போது டொரதியின் இடது கை அந்தோனியின் சட்டையைப் பற்றிக்கொண்டது.

"விடுங்கம்மா" என்றாள் தினுஷா.

அவள் விடவில்லை. ஒரு பொத்தான் தெறித்துப் போனது.

"இரு பிள்ள. அவ என்னமோ சொல்றா."

"பயப்படுறாங்கப்பா, வேற ஒன்னுமில்ல. நேத்து ஆமான்னு சொன்னாங்கதானே."

அந்தோனி குனிந்து முகத்தை அவள் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "என்னம்மா? போக வேணாமா? என்னோடயே இருக்கியா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. உள்ளேயும் அதே சொல், வாயிலும் அதே சொல். 'ஆமா.' இத்தனை நாளில் முதல் முறையாக இரண்டும் ஒன்றாக இருந்தன. வாயைத் திறந்தால் போதும்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்யாத தாடை. உள்ளே போன கண். கையில் சுற்றிய துணி அழுக்காகிக் கிடந்தது. படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. நாளைக்குக் காலையில் மறுபடியும் இந்த மனுஷன் எழும்பித் தன்னைத் தூக்குவார். ஒரு பாய் தூரத்தில் அவர் அசையாமல் கிடந்ததும், தான் சொல்லில்லாமல் கத்தியதும் கண்ணுக்குள் வந்தது. இன்னொரு நாள் அப்படி நடந்தால்?

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்துத் தினுஷாவும் அவள் கையைப் பிடித்து இழுத்ததால், மகள்தான் கையைப் பிரித்துவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தோனியும் அப்படித்தான் நினைத்தார். வேன் திரும்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் காலி பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

கம்பளையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து. சம்பந்தியம்மா தங்கமானவள், ஆனால் டொரதிக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவாள். புதுச் சொல் ஒன்றும் இன்னும் வரவில்லை.

ஞாயிறு தோறும் அந்தோனி பஸ்ஸில் வந்தார். றொமேஷ் அனுப்பி வேறொரு குக்கர் வந்துவிட்டது. வரும்போது டிபன் கேரியரில் ஏதாவது சமைத்துக்கொண்டு வருவார். மூன்றாம் ஞாயிறோ நாலாம் ஞாயிறோ, அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது டொரதி கவனித்தாள். சவரம் செய்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புப் போய், கன்னம் கொஞ்சம் நிறைந்திருந்தது. மனுஷன் நன்றாக நித்திரை கொள்கிறார்.

அவள் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். சந்தோஷமும் இருந்தது. அதற்குள்ளேயே, பல்லில் பட்ட கல் மாதிரி, வேறொன்றும் இருந்தது.

அந்தோனி அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பீங்கானில் சோற்றைக் குழைத்தார். கோழிக்கறி வைத்திருந்தார். முதப்பாலை மூடி திறந்த பிறகே ஊற்றியிருக்கிறார், கறி முறியாமல் இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ. புளி மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"இப்ப கைரியா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுக்குறேன், தெரியுமா? அவ மகன் கேட்டு வாங்குறான்" என்று அவர் சொன்னார். பிறகு கோழி வாங்கிய கதை, பஸ்ஸில் சில்லறை இல்லாத கதை, கோயிலில் பங்குச் சுவாமி அவளைப் பற்றி விசாரித்த கதை. ஒரு காலத்தில் அவள் பத்துச் சொல் பேசினால் ஒரு சொல் பேசுகிறவர். இப்போது நிறுத்தாமல் பேசினார். அவள் பதில் சொல்லக் காத்திருக்கவும் இல்லை.

"நாலரை பஸ்ஸுக்குப் போகணும், மழைக்கு இருட்டுது" என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டி நீட்டினார்.

டொரதி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.